வலுவிழந்த புயலும் வலுவிழக்கக் கூடாத ஈமானும்

அகிலங்கள் அனைத்தையும் படைத்துப் பரிபாலிக்கும் ஏக வல்லவனாகிய அல்லாஹ்வுக்கே புகழனைத்தும் உரியன. அவனது ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும், அவர்களை அடியொற்றி வாழ்ந்த நல்லோர் அனைவர் மீதும் உண்டாவதாக!



வடகிழக்குப் பருவமழைக் காலம் வந்துவிட்டால் நம் கடலோர மக்களின் காதுகள் வானிலைச் செய்தியை நோக்கியே இருக்கும். தாழ்வுப் பகுதி உருவானது, தாழ்வு மண்டலமானது, புயலாக வலுப்பெற்றது என்று செய்தி வரவர நெஞ்சம் படபடக்கும். மெழுகுவர்த்தி, அரிசி, பால்மாவு என்று வீடு பரபரக்கும். பிறகு ஒரு செய்தி வரும்: புயல் வலுவிழந்தது. அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் நாம் பெருமூச்சு விடுகிறோம். அத்தோடு சிலவற்றைக் கைவிட்டும் விடுகிறோம். எவற்றைக் கைவிடுகிறோம், அவற்றைக் கைவிடுவது சரியா என்பதையே இன்றைய ஜும்ஆ உரையில் நாம் சிந்திக்க இருக்கிறோம்.

புரெவி கற்பித்த பாடம்

2020 ஆம் ஆண்டு நவம்பர் 25 நள்ளிரவில் நிவர் என்னும் அதிதீவிரப் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அது சென்று ஒரு வாரம்கூட நிறைவுறாத நிலையில் புரெவி என்னும் மற்றொரு புயல் உருவாயிற்று. டிசம்பர் 2 ஆம் தேதி இரவு இலங்கையின் திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, மறுநாள் மன்னார் வளைகுடாவுக்குள் புகுந்தது. தென் மாவட்டங்கள் எல்லாம் அதனை எதிர்பார்த்து அச்சத்தோடு காத்திருந்தன. ஆனால் 3 ஆம் தேதியன்றே அது வலுவிழந்து ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாயிற்று. இராமநாதபுரம் கரைக்கு அருகே வந்து, மேலும் நகராமல் அப்படியே நின்றுவிட்டது.

நிவரே போய்விட்டது, இது என்ன செய்துவிடும் என்று கடலூர், நாகை மாவட்டத்து மக்கள் எண்ணியிருந்தார்கள். அந்த இரவில்தான் வானம் பிளந்தது போல் மழை கொட்டியது. 4 ஆம் தேதி காலையுடன் முடிந்த ஒரே நாளில் கொள்ளிடத்தில் 36 செ.மீ., சிதம்பரத்தில் 34 செ.மீ., பரங்கிப்பேட்டையில் 26 செ.மீ. மழை பதிவாயிற்று. புயலின் மையம் நின்ற இடத்திற்கும் இவ்வூர்களுக்கும் இடையே 200 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு! மக்கள் அபாயத்தை எதிர்பார்த்த இடம் ஒன்று; அல்லாஹ் மழையை இறக்கிய இடம் வேறொன்று.

அடியேன் அப்போது கடலூர் மாவட்டத்துக் கடலோர மஹல்லா ஒன்றில் இமாமாகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். அந்த இரவில் என் வீட்டில் நிகழ்ந்த ஒன்றை உங்களிடம் மறைக்காமல் சொல்வது என் கடமை.

3 ஆம் தேதி மஃரிப் தொழுகைக்குப் பின் குடும்பத்தார் அனைவரும் நடுக்கூடத்தில் அமர்ந்தோம். மின்சாரம் இல்லை. அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில் இஸ்திஃபாரும் ஸலவாத்தும் ஓதினோம். பின்னர் யாஸீன் ஓதத் தொடங்கினோம். பாதி ஓதிக்கொண்டிருக்கையில் கைப்பேசியில் செய்தி வந்தது: புயல் வலுவிழந்துவிட்டது. அல்ஹம்து லில்லாஹ் என்றேன். முஸ்ஹஃபை மூடி வைத்தேன். இரவு உணவை எடுத்து வைக்கும்படி வீட்டாரிடம் கூறினேன். அப்போது ஒன்பது வயதான என் மகள், “வாப்பா, மீதி ஓத வேணாமா?” என்று கேட்டாள்.

பெருமக்களே! பதினைந்து ஆண்டுகளாக மிம்பரில் நின்று பிறருக்கு உபதேசம் செய்த எனக்கு அந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை. நாளை ஓதிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். சுப்ஹுக்கு எழுந்தபோது தண்ணீர் வாசற்படியைத் தாண்டிக் கூடத்துக்குள் வந்திருந்தது. முந்தைய இரவு நாங்கள் அமர்ந்து ஓதிய பாய் நீரில் மிதந்துகொண்டிருந்தது.

நீங்கியதும் மறப்பவன் மனிதன்

யூனுஸ் அத்தியாயத்தின் 12 ஆவது வசனத்தில் அல்லாஹ் மனிதனின் ஒரு குணத்தைப் படம் பிடித்துக் காட்டுகிறான். துன்பம் தீண்டும்போது படுத்த நிலையிலும் அமர்ந்த நிலையிலும் நின்ற நிலையிலும் அவன் இறைவனை அழைக்கிறான். துன்பம் நீக்கப்பட்டதும் அப்படி அழைத்ததே இல்லை என்பதுபோல் நடந்துபோய்விடுகிறான். அதே அத்தியாயத்தின் 22, 23 ஆவது வசனங்கள் கடற்பயணிகளைப் பற்றிப் பேசுகின்றன. நல்ல காற்றில் மகிழ்ந்து சென்றவர்களைப் புயற்காற்று சூழ்கிறது. எல்லாத் திசையிலிருந்தும் அலைகள் வருகின்றன. இனித் தப்ப வழியில்லை என்று எண்ணி, கலப்பற்ற உள்ளத்தோடு அல்லாஹ்வை அழைக்கிறார்கள். இதிலிருந்து காப்பாற்றினால் நன்றியுள்ளவர்களாக இருப்போம் என்று வாக்களிக்கிறார்கள். அவன் காப்பாற்றியதும் பூமியில் அநியாயம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள்.

அன்கபூத் அத்தியாயத்தின் 65 ஆவது வசனமும், லுக்மான் அத்தியாயத்தின் 32 ஆவது வசனமும் இதே காட்சியைத்தான் காட்டுகின்றன. ஒரே செய்தியை அல்லாஹ் ஏன் மீண்டும் மீண்டும் கூறுகிறான்? இந்த நோய் நம்மில் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதே காரணம்.

இவ்வசனங்களை ஓதும்போது அவை மக்கத்து இணைவைப்பாளர்களைக் குறித்து இறங்கியவை என்று கூறிக் கடந்து செல்கிறோம். ஆனால் அன்றிரவு முஸ்ஹஃபை மூடிய கை என் கைதானே! என் ஓதுதல் அல்லாஹ்வை நோக்கி இருந்ததா, காற்றை நோக்கி இருந்ததா? காற்று அடங்கியதும் ஓதலும் அடங்கியது என்றால், நான் அஞ்சியது காற்றுக்குத்தான் என்றல்லவா ஆகிறது!

நபியவர்களின் முகம் மாறிய நேரம்

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் இடம்பெற்றுள்ளது. வானில் கருமேகம் கண்டால் நபி (ஸல்) அவர்களின் முகம் நிறம் மாறிவிடும். வீட்டுக்குள் வருவார்கள், வெளியே செல்வார்கள், முன்னும் பின்னுமாக நடப்பார்கள். மழை பெய்யத் தொடங்கிய பிறகே அந்தக் கவலை நீங்கும். மக்கள் மேகத்தைக் கண்டால் மகிழ்கிறார்களே, தங்கள் முகத்தில் மட்டும் கவலை தெரிகிறதே என்று அன்னையவர்கள் கேட்டார்கள். அதில் வேதனை இருக்காது என்பதற்கு எனக்கு என்ன உத்தரவாதம், ஆது சமுதாயத்தார் தங்களை நோக்கி வந்த மேகத்தைக் கண்டு மழை வருகிறது என்றுதானே மகிழ்ந்தார்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள். அஹ்காஃப் அத்தியாயத்தின் 24, 25 ஆவது வசனங்கள் அந்தச் சமுதாயத்தின் முடிவை விவரிக்கின்றன.

இதன் பொருள், வருகின்ற புயலெல்லாம் வேதனை என்பதல்ல. இந்த ஊர் பாவம் செய்தது, அதனால் வெள்ளம் வந்தது என்று அடுத்த ஊரைச் சுட்டிக்காட்டும் உரிமை நமக்கு இல்லை. நாயகம் (ஸல்) அவர்கள் பிறரைக் குறித்துத் தீர்ப்புக் கூறவில்லை. தம் இறைவனைத் தாமே அஞ்சினார்கள். பலத்த காற்று வீசினால் அதன் நன்மையைக் கேட்டார்கள். அதன் தீமையை விட்டுப் பாதுகாவல் தேடினார்கள். மழையைக் கண்டால் அதனைப் பயன் தரும் மழையாக ஆக்கும்படி வேண்டினார்கள். காற்றை ஏசக் கூடாது என்று தடுத்தார்கள். அச்சமும் ஆதரவும் சம அளவில் நிற்கும் உள்ளம் அது. சமுதாயமே! பாழாய்ப்போன மழை, நாசமாய்ப்போன காற்று என்று நம் வீடுகளில் எத்தனை முறை நாவு புரள்கிறது!

அந்த வெள்ளிக்கிழமை

டிசம்பர் 4, 2020 வெள்ளிக்கிழமை. தெருவில் முழங்காலளவு தண்ணீர். பெருந்தொற்றின் காரணமாகப் பல மாதங்கள் பள்ளிவாசல்கள் பூட்டிக் கிடந்த ஆண்டு அது. பள்ளி திறந்து மூன்று மாதமே ஆன நிலையில் ஒரு ஜும்ஆவை எப்படி விடுவது என்று ஜமாஅத்தார் சிலர் தயங்கினார்கள்.

இதற்கு மார்க்கம் முன்பே வழிகாட்டியிருக்கிறது. மழை பெய்த ஒரு ஜும்ஆ நாளில் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், தொழுகைக்கு வாருங்கள் என்று அழைக்க வேண்டிய இடத்தில் வீடுகளிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று அறிவிக்குமாறு முஅத்தினுக்குக் கட்டளையிட்டார்கள். மக்களுக்கு அது வியப்பாக இருந்தது. என்னைவிடச் சிறந்தவராகிய நபி (ஸல்) அவர்களே இவ்வாறு செய்திருக்கிறார்கள். ஜும்ஆ கட்டாயக் கடமைதான். ஆயினும் சேற்றிலும் வழுக்கலிலும் உங்களை நடக்கவைத்துச் சிரமப்படுத்த நான் விரும்பவில்லை என்று அவர்கள் விளக்கமளித்தார்கள். இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி.

அடைமழை, சேறு, உயிருக்கோ உடைமைக்கோ ஆபத்து ஆகியவை ஜும்ஆவையும் ஜமாஅத்தையும் விடுவதற்கான காரணங்கள் என்று நம் ஃபிக்ஹு நூல்களும் கூறுகின்றன. எனவே பாங்கு முடிந்ததும், அவரவர் இருப்பிடத்திலேயே தொழுதுகொள்ளுமாறு அறிவிக்கச் செய்தோம். பள்ளிக்கு அடுத்த வீட்டார்கள் மட்டும் வந்தார்கள். எண்ணிப் பார்த்தால் 27 பேர். ஷாஃபிஈ மத்ஹபின்படி ஜும்ஆ நிறைவேற ஊரில் நிலையாகக் குடியிருக்கும் 40 ஆண்கள் வேண்டும். ஆகவே நான்கு ரக்அத் ளுஹர் தொழுது கலைந்தோம். ஆளில்லாத மிம்பரைப் பார்த்தபோது கண்கள் கலங்கின.

தண்ணீர் வடிந்த பின், ஜமாஅத்தில் முதல் ஸஃப்பை விடாத ஒரு பெரியவரைக் காணச் சென்றேன். என்னைக் கண்டதும் அழுதுவிட்டார். “ஊரடங்குல பள்ளி பூட்டிக் கெடந்துச்சு. அப்ப மனசு ஆறிப் போச்சு ஹழ்ரத். இப்ப பள்ளி தொறந்திருந்தும் நான் வரலியே! என் மவன் வாசல்ல நின்னு மறிச்சுட்டான்” என்றார். மகன் தலைகுனிந்து நின்றார். வெளியே வந்தபோது அந்தச் சந்தின் முனையை அவர் காட்டினார். சாக்கடையின் மேல்மூடி ஒன்று வெள்ளத்தில் பெயர்ந்து விலகியிருந்தது. அன்று அதன் மேல் முழங்காலளவு நீர் ஓடியிருக்கிறது. கண்பார்வை மங்கிய அந்தப் பெரியவர் பள்ளிக்கு நடந்து வரும் வழி அதுதான்.

நான் மீண்டும் உள்ளே சென்று பெரியவரிடம் இரண்டு செய்திகளைச் சொன்னேன். அடியான் நோயுற்றாலோ பயணம் சென்றாலோ, ஊரில் உடல்நலத்தோடு இருந்தபோது அவன் வழக்கமாகச் செய்துவந்த அமல்களின் நன்மை அவனுக்கு எழுதப்படுகிறது. இது அபூமூஸா (ரலி) அவர்கள் அறிவிப்பது. இரண்டாவது, தபூக் போரிலிருந்து திரும்பும்போது நாயகம் (ஸல்) அவர்கள் கூறியது. மதீனாவில் சிலர் இருக்கிறார்கள். நீங்கள் நடந்த ஒவ்வொரு பாதையிலும், கடந்த ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் அவர்கள் உங்களோடு இருந்தார்கள். தக்க காரணமே அவர்களைத் தடுத்துவிட்டது என்றார்கள். “உங்கள் மகன் உங்களைத் தடுக்கவில்லை, நபிவழியைப் பின்பற்ற உதவினார்” என்றேன். பெரியவர் மகனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

சகோதரர்களே! வெளியே செல்வது வீரம், வீட்டில் இருப்பது கோழைத்தனம் என்று எண்ணிவிடாதீர்கள். தன் சலுகைகளை அடியார்கள் ஏற்றுக்கொள்வதை அல்லாஹ் விரும்புகிறான். மார்க்கம் இரு என்று சொல்லும் நேரத்தில் இருப்பதும் இபாதத்தே.

வலுவிழப்பது காற்றுதான்

வானிலை ஆய்வாளர்கள் ஒரு புயலுக்குப் பெயரும் தரமும் கொடுப்பது அதன் காற்றின் வேகத்தை வைத்தே. மணிக்கு 62 கிலோமீட்டருக்கு மேல் காற்று சுழன்றால் புயல். 50 முதல் 61 வரை என்றால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 31 முதல் 49 வரை என்றால் தாழ்வு மண்டலம். ஆகவே வலுவிழந்தது என்றால் காற்று குறைந்தது என்பதே பொருள். அது கடலிலிருந்து அள்ளி வந்த நீர் குறைந்துவிட்டது என்பதல்ல. நகராமல் ஓரிடத்தில் நின்றுவிட்டால், சுமந்து வந்த நீரையெல்லாம் அது ஒரே பகுதியில் கொட்டிவிடும்.

2024 ஆம் ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் அது வலுவிழந்தது. ஆனால் வலுவிழந்த அதன் மிச்சமே கடலுக்கு வெகுதொலைவில் உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழையைக் கொட்டியது. திருவண்ணாமலையில் டிசம்பர் 1 ஆம் தேதி மலைச்சரிவில் வீடு புதைந்து ஏழு பேர் மாண்டனர். கடலையே பார்க்காத ஊரில், புயல் கடந்துவிட்ட பிறகு நேர்ந்த இழப்பு இது.

நபி நூஹ் (அலை) அவர்களின் வரலாற்றை ஹூது அத்தியாயத்தில் ஓதிப் பாருங்கள். 44 ஆவது வசனத்தில் பூமி தன் நீரை விழுங்குமாறும் வானம் நிறுத்திக்கொள்ளுமாறும் கட்டளையிடப்படுகிறது. நீர் வற்றுகிறது. கப்பல் ஜூதி மலையில் நிலைகொள்கிறது. ஆனால் கப்பலைவிட்டு இறங்குமாறு நூஹ் (அலை) அவர்களுக்கு வந்த கட்டளை 48 ஆவது வசனத்தில்தான் சொல்லப்படுகிறது. மழை நின்ற செய்திக்கும் இறங்கும் கட்டளைக்கும் இடையே ஒரு காத்திருப்பு இருக்கிறது. எத்தனையோ காலம் கப்பலில் அடைபட்டிருந்தவர்கள் இறைவனின் அனுமதி வரும்வரை காத்திருந்தார்கள். நமக்கோ அரைநாள் வீட்டில் இருப்பது பாரமாக இருக்கிறது!

இதற்கிடையில் அல்லாஹ் மற்றொரு காட்சியையும் வைத்திருக்கிறான். மலைகளைப் போன்ற அலைகளுக்கு நடுவே தந்தை மகனை அழைக்கிறார். எங்களோடு ஏறிக்கொள் என்று கெஞ்சுகிறார். மலைமேல் ஏறித் தப்பித்துக்கொள்வேன் என்கிறான் மகன். இருவருக்கும் இடையே ஓர் அலை வந்துவிடுகிறது. அத்தோடு முடிந்தது. ஈமானை மறுத்த மகனின் முடிவு அது. ஆயினும் ஒவ்வொரு தந்தையின் நெஞ்சையும் பிழியும் காட்சி அது.

இளைஞர்களே! புயல் வலுவிழந்துவிட்டதாம் என்று கேட்டவுடன் கடற்கரைக்குச் சென்று அலையைப் படம் எடுக்கப் புறப்படுகிறீர்கள். பாலத்தில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்க இருசக்கர வாகனத்தில் கிளம்புகிறீர்கள். வாசலில் நின்று போகாதே என்று தடுக்கும் வாப்பாவின் குரலைக் கேலி செய்யாதீர்கள். உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்பது பகரா அத்தியாயத்தின் 195 ஆவது வசனம் தரும் கட்டளை.

விதியும் எச்சரிக்கையும்

எழுதியபடிதான் நடக்கும், பிறகு எதற்கு நிவாரண முகாமுக்குச் செல்ல வேண்டும் என்று கேட்போர் உண்டு. உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசம் நோக்கிச் சென்றபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருக்கும் செய்தி வழியிலேயே கிடைத்தது. ஆலோசனை செய்து திரும்பிவிட முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியைவிட்டு ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனது மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்று உமர் (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். கூரை வீட்டில் இருப்பதும் விதி. உறுதியான மத்ரஸாக் கட்டிடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வதும் விதி. காப்பாற்றிக்கொள்ளும் அறிவைக் கொடுத்தவனும் அவனே.

ஆகவே சில செய்திகளை நினைவில் வையுங்கள். அறுந்து கிடக்கும் மின்கம்பியை மின்சாரம் இல்லை என்று எண்ணித் தொடாதீர்கள். எந்த நேரமும் மின்சாரம் வரலாம். ஜெனரேட்டரை மூடிய அறையில் ஓட்டாதீர்கள். அதன் புகையில் உள்ள நச்சு வாயுவுக்கு மணம் கிடையாது. உறக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். ஊறிப்போன மண்சுவரை ஒட்டி யாரையும் படுக்க வைக்காதீர்கள். மழை நின்று வெயில் வந்த பிறகும் சுவர் இடிவதுண்டு. வெள்ளம் புகுந்த கிணற்று நீரைக் காய்ச்சாமல் அருந்தாதீர்கள். உதவி தேவையானால் மாவட்டப் பேரிடர் அலுவலகத்தின் 1077 எண்ணை அழையுங்கள்.

வீட்டில் இருக்கும் நேரம்

வெளியே செல்ல இயலாத அந்த நேரத்தை எப்படிக் கழிப்பது? நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள். தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்று விடையளித்தார்கள். இது புகாரியில் உள்ள செய்தி. புயல் நாளில் மிகக் கடுமையாக உழைப்பவர்கள் நம் வீட்டுப் பெண்களே. ஒழுகும் இடத்தில் பாத்திரம் வைப்பவள் அவள். ஈர விறகோடும் தீர்ந்துபோகும் சிலிண்டரோடும் போராடுபவள் அவள். முதியவர்களையும் குழந்தைகளையும் நனையாமல் காப்பவள் அவள். ஆண்களோ நாற்காலியில் அமர்ந்து செய்தி பார்த்துக்கொண்டு தேநீர் கேட்கிறோம். ஒரு வாளித் தண்ணீரை இறைத்து ஊற்றுங்கள். அதுவும் சுன்னத்தே.

வீட்டிலேயே ஜமாஅத்தாகத் தொழுங்கள். வாப்பா முன்னே நிற்க, மகன்மார் பின்னே நிற்க, தாயும் பெண்மக்களும் அதற்குப் பின்னே நிற்கட்டும். இடி இடித்து அஞ்சும் குழந்தையிடம், இடியும் அல்லாஹ்வைத் துதிக்கிறது என்று ரஃது அத்தியாயத்தின் 13 ஆவது வசனத்தைச் சொல்லிக்கொடுங்கள். அச்சமே இல்லாமல் வளர்ப்பது நோக்கமல்ல. யாரை அஞ்ச வேண்டும் என்று அறிந்து வளர்ப்பதே நோக்கம்.

குழம்பு சமைத்தால் நீரைச் சற்று அதிகமாக்கி அண்டை வீட்டாரையும் கவனித்துக்கொள்ளுமாறு அபூதர் (ரலி) அவர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் உபதேசித்தார்கள். அடுப்பு எரியாத நாளில் இந்த நபிமொழிக்கு உயிர் வருகிறது. அண்டை வீட்டார் எந்த மதத்தவராயினும் இந்த உரிமை அவர்களுக்கு உண்டு. உங்கள் மாடி வீட்டில் இடமிருந்தால், எதிரிலுள்ள குடிசைக்காரரை அவர் கேட்கும்வரை காத்திராமல் அழையுங்கள். புயல் வலுவிழந்தது என்பது கான்கிரீட் வீட்டுக்காரருக்கு ஆறுதல் செய்தி. ஓலைக்கூரைக்கு அன்றைய மழையே புயல்தான்.

இழந்தோருக்கு

சில வீடுகளில் புயல் எதையாவது எடுத்துக்கொண்டே போகும். படகையோ, தோப்பையோ, ஆட்டையோ, சில நேரம் ஓர் உயிரையோ எடுத்துக்கொள்ளும். பொறுமை என்பது முதல் அதிர்ச்சியின்போது கடைப்பிடிப்பதே என்பது நபிமொழி. நீரில் மூழ்கி இறந்தவரையும் இடிபாட்டில் சிக்கி இறந்தவரையும் ஷஹீதுகளின் பட்டியலில் நாயகம் (ஸல்) அவர்கள் சேர்த்திருக்கிறார்கள். பெற்ற பிள்ளையை இழந்த தாய்க்கு இதைவிட ஆறுதலான சொல் ஏது? ஆனால் இழந்தவரிடம் இந்த நபிமொழியை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அவர் வீட்டுக் கூரைக்கு ஒரு தார்ப்பாயையும் கொண்டு செல்லுங்கள்.

பாதியில் நின்ற ஓதல்

ஒரு ஜும்ஆ நாளில் நபி (ஸல்) அவர்கள் குத்பா ஓதிக்கொண்டிருந்தபோது கிராமவாசி ஒருவர் வந்து பஞ்சத்தை முறையிட்டார். நாயகம் (ஸல்) அவர்கள் கையேந்தினார்கள். மேகமே இல்லாத வானில் மேகம் திரண்டது. ஒரு வாரம் விடாமல் மழை பெய்தது. அடுத்த ஜும்ஆவில் ஒருவர் வந்து, கட்டிடங்கள் இடிகின்றன, செல்வங்கள் அழிகின்றன என்று முறையிட்டார். அப்போது நாயகம் (ஸல்) அவர்கள், மழையே வேண்டாம் என்று கேட்கவில்லை. எங்களைச் சுற்றியுள்ள இடங்களில் பொழியட்டும், எங்கள் மீது வேண்டாம். மேடுகளிலும் ஓடைகளிலும் மரம் முளைக்கும் இடங்களிலும் பொழியட்டும் என்று வேண்டினார்கள். அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி இது. மழை கேட்கவும் கையேந்தினார்கள். மழை விலகவும் கையேந்தினார்கள். நாமோ வலுப்பெறும்போது மட்டும் கையேந்துகிறோம்.

புரெவி கடந்த பின் ஞாயிற்றுக்கிழமை மஃரிபுக்குப் பிறகு, ஈரம் காயாத அதே கூடத்தில் மீண்டும் அமர்ந்தோம். விட்ட இடத்திலிருந்து யாஸீனை ஓதி முடித்தோம். அன்று எந்தப் புயலும் இல்லை, வானம் தெளிந்திருந்தது. என் மகள் எனக்குக் கற்பித்த பாடத்தை இன்று உங்களிடம் ஒப்படைக்கிறேன். அடுத்த முறை வலுவிழந்தது என்ற செய்தி வரும்போது உங்கள் கையில் முஸ்ஹஃப் இருந்தால் ஓதி முடித்துவிட்டு மூடுங்கள். காற்று ஓய்ந்திருந்தால் ஷுக்ராக ஓதுங்கள். வெள்ளம் இனிமேல்தான் வரவிருந்தால் பாதுகாவலாக ஓதுங்கள். இரண்டில் எது என்பதை அவன் ஒருவனே அறிவான்.

யா அல்லாஹ்! எங்கள் மீது இறங்கும் மழையைப் பயன் தரும் மழையாக ஆக்குவாயாக! கடலில் உள்ளோரையும் கரையில் உள்ளோரையும் காப்பாயாக! அச்சத்தில் உன்னை அழைக்கும் எங்களை, அமைதியிலும் உன்னை மறவாதோராக ஆக்குவாயாக! வெள்ளத்தில் மாண்டோரின் பிழைகளைப் பொறுத்து அவர்களுக்கு உயர்ந்த சுவனபதியை வழங்குவாயாக! இழந்தோருக்கு இழந்ததைவிடச் சிறந்ததை அளிப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.